எண்ணெய்ச் சட்டி ஏறாத வீட்டில் சூப்பு

என் மூத்த மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டபோது அவளுக்கு இரண்டு வயது நிறையவில்லை. நாங்கள் அப்போது நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேகோ பாக்டரிக்குப் பின்னால் குடியிருந்தோம். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்கிற அந்தப் பாக்டரியில்தான் எனக்கு வேலை. மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகத் திருச்செங்கோட்டுப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வயிற்றுச் சுமையோடு இந்தக் குழந்தையையும் தூக்கி இறக்க முடியாது என்று மகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். பார்த்துக்கொள்ள என் அக்கா இருந்தார்.

அக்காவுக்குப் புருஷன் தவறிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே பையன் பிறந்து, அவனும் இதே மணல்வாரியில் போய்விட்டான். அவன் படுத்திருந்த நாளில் அந்த வீட்டில் யாரோ எண்ணெய் காயவைத்துக் கடுகு தாளித்துவிட்டார்கள், அந்த வாசம் பட்டு மாரியம்மா கோபித்துக்கொண்டாள் என்பது அக்காவின் எண்ணம். இதை அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. காய் விலை சொல்வது போலத்தான் சொல்வார். என் மகளுக்கு உடம்பில் பொரிபொரியாக எழும்பியதும், வாசலில் வேப்பிலை செருகினார். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா முடியும்வரை இந்த வீட்டு அடுப்பில் எண்ணெய் ஏறாது என்று வேண்டிக்கொண்டார். நோம்பிக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

அம்மை வந்த குழந்தைக்குக் குளுமையானதுதான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜவ்வரிசிக்குக் குறைவில்லை. சலித்துக் கழிக்கிற நொய்யை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். அக்கா அதைக் குழையக் காய்ச்சி, சர்க்கரை போட்டு ஊட்டினார். அதுதான் காலையில், அதுதான் மத்தியானம். நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மெல்ல வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்கு அது பிடித்துப் போயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்பதால் அதையே தொடர்ந்தோம். மற்ற எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். வெள்ளையாக இருந்தால்தான் திறப்பாள். கன்னம் கொஞ்சம் உப்பியது. பார்த்தவர்கள் புள்ள தேறிவிட்டாள் என்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

பொழுது இறங்கும் நேரத்தில் அவள் விளையாட்டை நிறுத்துவதை முதலில் கவனித்தது நான்தான். வெயில் இருக்கும்வரை நடப்பாள். வெளிச்சம் மங்கியதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். அம்மை பார்த்த உடம்பு, அசதியாக இருக்கும் என்றார் அக்கா. பிறகு வலது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. வெளிச்சத்தில் அதைத் திறக்கவே மாட்டாள். ஒருநாள் தூங்கும்போது இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழியில் அரைவேக்காட்டு ஜவ்வரிசி ஒன்று ஒட்டியது போல வெள்ளையாக இருந்தது.

மறுநாளே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி மறுபடி பார்த்தார்.

"சாப்பிட என்ன குடுக்கறீங்க?"

"கஞ்சிங்க."

"என்ன கஞ்சி?"

"ஜவ்வரிசிக் கஞ்சிங்க."

"வேற?"

"அரிசிக் கஞ்சியும் குடுப்பமுங்க. எப்பவாச்சும் இட்லி. சர்க்கரை தொட்டு."

"எல்லாமே வெள்ளை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, நாற்றமடிக்கிற எண்ணெய் மருந்து ஒன்றை ஒரு கரண்டி குழந்தையின் வாயில் ஊற்றினார். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது, அது திரும்பாது என்றார். இடது கண்ணும் காய ஆரம்பித்திருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தலாம் என்றார்.

"மருந்து நான் குடுத்துட்டேன். அடுத்த தடவை வரும்போதும் குடுப்பேன். ஆனா இவ வயித்துல சத்து ஒண்ணும் இல்லை. தினமும் காய்கறி சூப் வெச்சுக் குடுங்க. முருங்கைக்கீரை, அரசாணிக்காய், கேரட். அதுல ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடணும். கொழுப்பு இல்லாம குடுத்தா அந்தச் சத்து உடம்புல ஒட்டாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த சூப்பு, லாரிக்காரர்கள் சந்தையில் வாங்கிக் குடிக்கிற ஆட்டுக்கால் சூப்பு ஒன்றுதான். காய்கறியில் அதை எப்படிச் செய்வது என்று கேட்க வாய் வரவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு எப்போதுமே குரல் எழும்பாது. வெளியே வந்து, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏனுங்க, காய்கறி சூப்புன்னா எப்படிங்க வெக்கறது?"

அவர் நிமிர்ந்து என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். "ஊட்டுல பொம்பளைங்க இல்லீங்களா?"

"இருக்கறாங்க. அவங்களுக்கும் தெரியாதுங்க."

"காயைப் பொடியா அரிஞ்சு, நல்லாக் கொழைய வேக வெச்சு, மத்துல கடைஞ்சு வடிகட்டுங்க. உப்புப் போடுங்க. காரம் ஆகாது. சக்கை பல்லுல தட்டாம தொண்டைல எறங்கோணும். அவ்வளவுதானுங்க சூப்பு."

திரும்பும் வழியில் சந்தையில் அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணி ஒரு கீற்றும் கேரட்டும் வாங்கினேன். முருங்கை வீட்டு வேலியிலேயே இருந்தது. பஸ்ஸில் மகள் என் மேல் சாய்ந்து தூங்கினாள். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்ன அடி என்று கேட்டார். விழுந்துவிட்டாள் என்றேன். அன்றைக்கு வேறு ஒருவருக்கும் அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மனைவிக்குப் பையன் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மாமனார் வந்து என் மகளின் கண்ணைப் பார்த்தார். "பச்ச உடம்புக்காரிங்க மாப்ள. இப்பச் சொன்னா பால் வத்திப் போயிரும். வந்து பாத்துக்கட்டும்" என்றார். அக்காவும் அதையே சொன்னார். அப்படித்தான் முடிவாயிற்று.

சூப்புக்கு அக்கா தடை சொல்லவில்லை. காயை அவரே அரிந்து கொடுத்தார். ஆனால் எண்ணெய் என்றதும் முகம் மாறிவிட்டது.

"காய் வேகட்டும். உப்புப் போடு. எண்ணெ மட்டும் பேசாத தம்பி."

"டாக்டரு சொன்னாருங்கக்கா. எண்ணெ இல்லாட்டி ஒட்டாதாமா."

"டாக்டருக்கு அம்மாளப் பத்தி என்ன தெரியும்? ஒரு கண்ணு எடுத்துக்கிட்டா. நாம பேச்சுத் தவறுனா இன்னொண்ணையும் கேப்பா. எனக்குத் தெரியும். நீ பாக்கல, நான் பாத்தவ."

அவரை எதிர்த்து நான் பேசியதில்லை. எண்ணெய் இல்லாமலே அடுப்பில் வைத்தேன்.

முதல்நாள் முருங்கைக்கீரையை மட்டும் வேகவைத்தேன். கடைந்து வடிகட்டியதும் குளத்துப் பாசியைக் கரைத்தது போல ஒரு கரும்பச்சைத் தண்ணீர் வந்தது. மகள் அதை முகர்ந்து பார்த்ததோடு சரி. வாயைப் பிரித்து ஒரு கரண்டி ஊற்றினேன். அப்படியே என் சட்டையில் துப்பினாள். அடுத்த நாள் கேரட் போட்டேன். அதில் மண்வாசம் அடித்தது. எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாவதாக அரசாணிக்காயை வைத்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நன்றாகப் பழுத்த காய். தோலும் நாரும் போக்கிவிட்டு, சதையை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், சீக்கிரமே கரைந்துவிடுகிறது. இயல்பாகவே ஒரு தித்திப்பு இருக்கிறது. அதையும் தொடவில்லை. ருசிகூடப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தே உதட்டைப் பூட்டிக்கொண்டாள்.

அதனால் கஞ்சிக்குள் திருட்டுத்தனமாக விட ஆரம்பித்தேன். ஒரு கிண்ணம் வெள்ளைக் கஞ்சியில் ஒரு கரண்டி அரசாணிக்காய்த் தண்ணீர். நிறம் மாறியதே தெரியாது. குடித்தாள். பிறகு இரண்டு கரண்டி. பாதிக்குப் பாதி என்று வந்தபோது கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு வெள்ளைக் கஞ்சியையும் சந்தேகப்பட்டு, விரலை விட்டுக் கிளறிப் பார்த்துத்தான் குடித்தாள். பாக்டரியில் களத்தில் காயும் ஜவ்வரிசியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வரும். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்கவே கண் கூசியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுடைய இடது கண்ணைப் பார்ப்பேன். பளபளப்புக் குறைந்து, வாடின இலை மாதிரி இருந்தது. நன்றாகிறதா மோசமாகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா அவளுக்கு முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தார். வழக்கமாக எடுத்துக் குடிப்பவள்தான். கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய்த் தரையில் பட்டது. தடவித் தடவி வந்து, டம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் ஓடியது. அழவில்லை. ஈரத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா துடைக்கத் துணி எடுக்காமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போனார். எருமை வைத்திருக்கிற வீட்டிலிருந்து, இலையில் ஒரு உருண்டை வெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வெண்ணெ குளுமை. அடுப்புல ஏத்த வேண்டாம். சட்டிய எறக்கி வெச்சதுக்கு அப்பறம் போடு. சூட்டுல தானா உருகிக்கும்."

"வேண்டுதலுங்கக்கா?"

"எண்ணெச் சட்டி ஏறாதுன்னுதான் வேண்டுனேன். இது ஏறலயே" என்றார். சொல்லிவிட்டு சாமி படம் இருந்த பக்கம் திரும்பாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வெண்ணெய் போட்டதும் சூப்பு வேறாக ஆகிவிட்டது. அரசாணிக்காயோடு கேரட் பாதி, சின்ன வெங்காயம் இரண்டு, விதை எடுத்த தக்காளி ஒன்று. எல்லாம் குழைய வெந்த பிறகு, ஒரு கைப்பிடி முருங்கை இலையை உருவிப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதிகம் போட்டால் கசக்கும். மத்தால் கடைந்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வடித்தால், சக்கை மேலே நின்றுவிடும். கீழே விழுவது திட்டமான கெட்டியில் மஞ்சளாக இருக்கும். உப்பும் வெண்ணெயும் போட்டால் நல்ல வாசம் வந்தது. நானே ஒரு டம்ளர் குடித்தேன். மகள் மட்டும் குடிக்கவில்லை.

அம்மைக்கு முன்னால் அவளைத் தினமும் டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கடைக்காரர் சாசரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார். சத்தம் போட்டு உறிஞ்சுவாள். எனக்கு ஏன் அது அத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஒரு காலை, சூப்பைத் தூக்குப்போசியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, அவளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முறைக்கு எனக்கு மாமா.

"வாங் மாப்ள. என்னுங்க, என்ற கடைக்குச் சொந்த டீயோட வந்துட்டீங்க?"

"டீ இல்லீங்க மாமா. சூப்பு. அம்மிணிக்கு."

"சூப்பா? இருக்கற யாவாரத்தக் கெடுக்க வந்தீங்களா?"

"இத நீங்க டீ மாதிரி ஆத்திக் குடுக்கோணுமுங்க. அப்பத்தான் குடிப்பா" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். "மாமா, எனக்கும் ஒரு சூப்பு. ஸ்டிராங்கா" என்றார்.

"உனக்கெல்லாம் தொட்டித் தண்ணிதான். எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காரு, புள்ளைக்கு எடம் உடு" என்றார் மாமா. போசியைத் திறந்து முகர்ந்தார். "வெண்ணெ மணக்குது. நம்ம டீய விட நல்லாத்தான் இருக்கும்போல."

கிளாஸில் ஊற்றி, கையை உயரத் தூக்கி ஆற்றினார். மஞ்சளாக ஒரு முழ நீளத்துக்கு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மகள் முகத்தைத் தூக்கினாள். நாலைந்து முறை ஆற்றியதும் மேலே நுரை கட்டியது. சாசரில் ஊற்றி அவள் வாயருகே வைத்தேன். உதட்டைக் குவித்து உறிஞ்சினாள். நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"டீ" என்றாள்.

"ஆமா சாமி. டீதான்."

மறுபடி குனிந்து சத்தமாக உறிஞ்சினாள். மேலுதட்டில் மஞ்சள் மீசை முளைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் குனிந்து, "ஏனுங் அம்மிணி, மாமனுக்கு ஒரு வாய் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பியபோது வலது கண்ணைப் பார்த்துவிட்டார். டீயைக் குடித்துவிட்டு, அவள் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு சாசர் குடித்தாள். நாள்தோறும் கடைக்குப் போக முடியாது என்பதால், வீட்டிலேயே ஆற்றப் பழகினேன். முதலில் காலில் ஊற்றிக்கொண்டேன். பிறகு கை பழகிவிட்டது. காலையும் மாலையும், ஷிப்டுக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும், இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஆற்றுவேன். அக்கம்பக்கத்தில் எனக்கு டீ மாஸ்டர் என்று பெயர் வந்தது. என்னைக் கேலி செய்தால் தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். அந்தப் பெயருக்குக் குனியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இடது கண்ணை டார்ச் அடித்துப் பார்த்து, "நின்னுருச்சு" என்றார். மருந்தை ஊற்றிவிட்டு, சூப்பை நிறுத்தாதீர்கள் என்றார். வலது கண்ணை அவர் பார்க்கவே இல்லை.

மனைவி வருகிற நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் வரவேண்டிய பஸ் வராமல், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். பொழுது இறங்கிவிட்டது. மச்சினன் பைகளை வாசலில் வைத்துவிட்டு, அதே பஸ் திரும்பும்போது பிடிக்க ஓடினான். மகள் சுவர் ஓரமாக உட்கார்ந்து அக்கா ஊட்டிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். மனைவி கையில் பையனோடு வாசற்படியில் நின்று, "அம்மிணி" என்று கூப்பிட்டாள்.

மகள் சட்டென்று எழுந்துகொள்ளவில்லை. கோழி தானியத்தைப் பார்ப்பது போல, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அந்த வழக்கம் அவளுக்குக் கொஞ்ச நாளாக வந்திருந்தது. பார்த்தாள். எழுந்தாள். நடுவில் முறமும் சோற்றுச் சட்டியும் கிடந்தன. இரண்டையும் சுற்றிக்கொண்டு, கையால் தரையைத் தடவாமல் நடந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்தாள். அந்த மங்கலில் அவள் அப்படி நடந்து நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மனைவி பார்த்தது வேறு. குனிந்து மகளின் முகத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, கண்ணுல என்ன வெள்ளையா இருக்குது?"

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். ஆனால் அக்காதான் பதில் சொன்னார்.

"ஒண்ணு போயிருச்சு அம்மிணி. இன்னொண்ணு இருக்குது. பச்ச உடம்புன்னு உனக்குச் சொல்லல."

மனைவி அழவில்லை. பையனை என் கையில் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா உள்ளே போய் விளக்கை ஏற்றி எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தார். மனைவி தன் உள்ளங்கையால் மகளின் இடது கண்ணை மூடினாள். மற்றக் கையை வெள்ளை விழுந்த கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் ஆட்டினாள். மகள் அசையாமல் இருந்தாள்.

"வௌக்கு" என்றாள்.

விளக்கு அவள் முகத்துக்கு நேராகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மனைவி கையை எடுக்காமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.

"அத்த, வௌக்கு வெய்யி" என்றாள் மகள் மறுபடியும்.

மனைவி கையை எடுத்தாள்.